வளர்ந்து முடிக்காத எலும்பு

தேநீர் வேண்டாம், மேடம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே குடித்துவிட்டுத்தான் வந்தோம். என் தங்கை போட்டால் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஒரு டம்ளர் உள்ளே போனால் மதியம் வரைக்கும் வேறு எதுவும் தேவைப்படாது.

வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். மடியில் ஒரு துணிப்பொட்டலம் வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்களை முதலில் அவள் பார்ப்பதாகத்தான் இருந்தது. "நீ கொஞ்ச நேரம் இரும்மா, நான் போய்ப் பேசிட்டு வந்துடறேன்" என்று நான்தான் முந்திக்கொண்டேன். அவளுக்கு முன்னால் நான் போய்ப் பேசுவது எங்கள் வீட்டில் வெகுநாள் வழக்கம்.

இந்த அருங்காட்சியகத்துக்கு நீங்கள் இயக்குநராக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் தங்கையின் விவகாரத்தைக் கோப்பில் படித்ததோடு சரி. படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, பழைய தவறை ஒப்புக்கொண்டு அவள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எலும்புப் பிரிவில் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். நல்ல மனதோடு சொன்னீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவளும் எழுதத் தயாராகத்தான் வந்திருக்கிறாள். ஆனால் அவள் அதை எழுதக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நீங்கள் ஓவியங்களைப் படித்தவர். அதனால் எலும்பு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். பாடம் எடுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வெட்கப்பட வேண்டிய விஷயத்தைச் சொல்ல வந்தவன் முதலில் தனக்குத் தெரிந்ததைப் பேசிக் கொஞ்சம் தைரியம் சேர்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

கீழே பெரிய கூடத்தில் நிற்கும் டைரனோசரைப் பார்க்கிறவர்கள், அந்தக் குடும்பமே அப்படித்தான் தலையும் பல்லுமாக இருந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகள் வாழ்ந்த குடும்பம் அது. அதில் பெரும்பகுதிக் காலம் அவை சின்ன விலங்குகள். மனிதன் உயரத்துக்கு இருந்தவை உண்டு, தலையில் மெல்லிய கொண்டை வைத்திருந்தவை உண்டு, உடம்பெல்லாம் இறகு போர்த்தியவையும் உண்டு. வேறு பெரிய வேட்டை விலங்குகளின் நிழலில், இருக்கும் இடம் தெரியாமல் பிழைத்துவந்தன. அந்தப் பெரியவை அழிந்த பிறகுதான் இவற்றில் சில விறுவிறுவென்று பெருத்தன. அப்போதும் எல்லாமே தடியர்களாக ஆகிவிடவில்லை. நீண்ட ஒல்லி முகத்தோடு ஒரு கிளை தனியாகப் போயிற்று. கடைசியில் வந்தவைதான், கை சுருங்கி விரல் இரண்டாகி எலும்பை நொறுக்கித் தின்கிற ராட்சதர்கள்.

சிக்கல் எங்கே என்றால், அந்த ராட்சதர்களின் பிள்ளைகள் பெற்றோரைப் போலவே இருக்காது. இளசாக இருக்கும்போது ஒல்லி, நீளமான கால், கத்தி மாதிரி மெல்லிய பல். சின்ன இரையைத் துரத்திப் பிடிக்கிற உடம்பு. விடலைப் பருவத்தில் சில வருடங்களுக்குள் மடமடவென்று பெருத்து ஆளே மாறிவிடும். அதனால் பூமிக்கடியில் ஒரு ஒல்லி டைரனோசர் கிடைத்தால், எங்கள் ஆட்களுக்குள் அடிதடி ஆரம்பிக்கும். இது தனி இனத்தைச் சேர்ந்த, வளர்ந்து முடித்த சின்ன விலங்கா, பெரிய இனத்தின் பிள்ளையா? தனி இனம் என்றால் கண்டெடுத்தவனுக்குப் பெயர். பிள்ளை என்றால் ஏற்கெனவே இருக்கும் பெயருக்குள் அது போய்ச் சேரும், புதிய பெயர் அடிபட்டுப் போகும்.

எனக்கு முப்பத்திரண்டு வயதில் அப்படி ஒன்று கிடைத்தது. குதிரை அளவு. காலெல்லாம் எலும்பு, எலும்பெல்லாம் கால். வளர்ந்து முடித்த தனி இனம் என்று எழுதினேன், உலகமும் ஏற்றுக்கொண்டது. அதற்கு அறிவியல் பெயர் வைக்கும்போது என் தங்கையின் செல்லப் பெயரைச் சேர்த்தேன்.

வீட்டில் அவள் சிட்டு. சின்ன வயதில் உடம்பில் சதையே கிடையாது, கால் மட்டும் நீளும், ஓரிடத்தில் நிற்கமாட்டாள். எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அவள் நடக்க ஆரம்பிக்கும் முன்பே அப்பா போய்விட்டார். அம்மா தையல் கடையில் நாள் முழுக்க மெஷின் மிதித்தாள். சிட்டுக்குச் சாப்பாடு ஊட்டியது, தலை வாரிவிட்டது, பள்ளியில் போய் டீச்சரிடம் திட்டு வாங்கியது எல்லாம் நான்தான். விலங்குக்குத் தன் பெயர் என்று தெரிந்ததும் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள் வகுப்பைக் கட் அடித்துவிட்டு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதன்பிறகு எலும்பைத் தவிர வேறு எதையும் படிக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நான் பெருமைப்பட்டேன், மேடம். அதை மறைக்கப்போவதில்லை.

அவள் என்னைவிடக் கெட்டிக்காரியாக வளர்ந்தாள். எலும்பை மெல்லிய தகடாக அறுத்து வயது சொல்லும் வேலை அவளுடையது. மரத்தில் இருப்பது போலவே எலும்பிலும் வருட வளையங்கள் உண்டு. வளர்கிற விலங்குக்கு வளையங்கள் அகல அகலமாக இருக்கும். வளர்ச்சி நின்றுபோனால் வெளி ஓரத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிவிடும். அந்த நெருக்கம் இருந்தால் பெரியது, இல்லாவிட்டால் பிள்ளை. இதில் பூசி மெழுக இடமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் அதை எடுத்தாள். அவளுக்கு அப்போது நாற்பது வயது.

"அண்ணா, கோவிச்சுக்காதே. எனக்கென்னவோ அது குட்டின்னு தோணுது."

"எது?"

"நம்ம சிட்டுதான். மண்டை ஓட்டு மூட்டெல்லாம் இன்னும் சேரவே இல்ல. நல்லாப் பாரேன். பெரிய இனத்தோட பிள்ளையா இருக்குமோன்னு."

என் மனைவிக்குச் சிரிப்பு. "உன் பேரை வெச்ச ராசி நாத்தனாரே. ரெண்டு சிட்டும் வளரவே மாட்டேங்குது" என்றாள்.

"போங்க அண்ணி" என்று சிட்டும் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கீழ்க்கால் எலும்பு மூணு துண்டா உடைஞ்சுதானே இருக்கு. நடுத்துண்டை அறுத்துப் பார்த்துடலாமே. பெருசுன்னா உன் பேர் இன்னும் ஓங்கும். குட்டின்னா குட்டின்னு நாமளே சொல்லிட்டுப் போறோம். வேற யாரோ சொல்றதுக்கு முன்னால நாமளே சொன்னா மரியாதைதானே?" என்றாள்.

"பாத்துடலாம்மா" என்றேன். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். அன்று மதியம் தூங்கக்கூடச் செய்தேன்.

ஒரு எலும்பை அறுத்தால் அது போயிற்று. அதனால் எங்கள் வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. அறுப்பதற்கு முன் ரப்பரில் அச்சு எடுத்து வைக்க வேண்டும். பின்னால் யாராவது கேட்டால் அச்சில் ஊற்றி அசல் எப்படி இருந்தது என்று காட்டலாம். அந்த வேலைக்கு இங்கே ஒருவர் இருக்கிறார், எல்லாருமே மாமா என்று கூப்பிடுவோம். மாமா சாவகாசமாகத்தான் செய்வார், அவர் அச்சு எடுக்க இன்னும் ஒரு வாரமாவது ஆகும் என்பது என் கணக்கு. மகள் கல்யாணத்துக்கு லீவில் போகப்போகிறோமே என்று அவர் அவசரப்பட்டு மூன்று துண்டுகளுக்கும் முன்கூட்டியே அச்சு எடுத்து முடித்திருந்தது எனக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை சிட்டுவின் மேசைக்குப் போனேன். "அறுக்கறதுக்கு முன்னால நடுத்துண்டை ஒரு தடவை வீட்டுல வெச்சு நிதானமாப் பாக்கறேனே" என்றேன். அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்து எதுவும் வாங்கவில்லை. அண்ணனிடம் யார் கையெழுத்து வாங்குவார்கள்?

வீட்டில் பின்பக்கத் தொட்டியடியில் உட்கார்ந்து உடைந்த முனையை நைஸான உப்புத்தாளில் தேய்த்தேன். தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க முனை பளபளத்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வளையங்கள் உள்ளிருந்து வெளி ஓரம் வரைக்கும் அகலமாகவே இருந்தன. நெருக்கம் என்று ஒரு இழைகூட இல்லை. வளர்கிற வயதில் செத்துப்போன பிள்ளை அது. என் இருபதாண்டுப் பெயரும் புகழும் ஒரு விடலையின் முழங்காலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அப்போது எனக்குள் ஓடியதை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். என் பெயர் போகிறதே என்று நான் நினைக்கவில்லை. அவள் பெயர் போகிறதே என்றுதான் நினைத்தேன். உலகம் உள்ளவரை இருக்கட்டும் என்று அவளுக்கு நான் கொடுத்த ஒரே சொத்து அந்தப் பெயர். அதை அவளே தன் கையால் அழிக்கப் போகிறாள், பாவம், விவரம் தெரியாமல். தடுப்பது என் கடமை என்று பட்டது. இத்தனை நாளும் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போது உங்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிகிறது.

கீழ்த்தளத்து இழுப்பறைகளில் பெயர் வைக்காத உதிரி எலும்புகள் நிறைய உண்டு. அதில் இன்னும் பழைய காலத்து டைரனோசர் ஒன்றின் கீழ்க்கால் துண்டு இருந்தது. அது நிஜமாகவே சின்ன இனம், வளர்ந்து முடித்தது. அதே பழுப்பு நிறம், கிட்டத்தட்ட அதே பருமன். முனைகள் மட்டும் சேராது. சேராத முனைகளை அரத்தால் ராவினேன். திங்கட்கிழமை காலை அதைச் சிட்டுவிடம் கொடுத்து, "முனை ரெண்டும் உதிர்ற மாதிரி இருந்துச்சு, சுத்தம் பண்ணிட்டேன்" என்றேன்.

"சரிண்ணா" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். எந்த எலும்பையும் பத்துத் தடவை புரட்டிப் பார்க்கிற பெண் அவள். என் கையிலிருந்து வாங்கியதை மட்டும் புரட்டிப் பார்க்கமாட்டாள்.

அறுத்தாள், கண்ணாடியில் ஒட்டினாள், வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குத் தேய்த்தாள். என்னைக் கூப்பிட்டு உருப்பெருக்கியில் காட்டினாள். ஓரத்தில் வளையங்கள் நெருநெருவென்று நெருங்கியிருந்தன. "நான் தோத்துட்டேன் அண்ணா. பெருசுதான்" என்றாள். தோற்றவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தான் சந்தேகப்பட்டது தவறு, அண்ணன் சொன்னதே சரி என்று ஊரறியக் கட்டுரை எழுதினாள். நான் அதில் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன்.

அதன்பின் இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. டைரனோசர் குடும்பத்துக்கென்று தனிக் கூடம் அமைக்க முடிவாயிற்று. கொண்டைக்காரர்கள், இறகுக்காரர்கள், ஒல்லி முகத்துக்காரர்கள், ராட்சதர்கள் என்று வரிசையாக. மாமா பழைய அச்சுகளில் ஊற்றி எங்கள் விலங்கின் காலை வார்த்தார். அதைப் பார்க்க வந்த வெளியூர் ஆய்வாளர் ஒருவர், வார்ப்பின் பருமனும் சிட்டு கட்டுரையில் போட்டிருந்த படமும் ஒத்துப்போகவில்லையே என்றார். அறுத்ததுபோக மிச்சமிருந்த துண்டை வரவழைத்து வார்ப்போடு வைத்துப் பார்த்தார்கள். அது வேறு எலும்பு என்பது பார்த்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சிட்டு முகத்தில் ஈயாடவில்லை. அச்சு எடுத்ததற்கும் அறுத்ததற்கும் நடுவில் யாரோ மாற்றியிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் எலும்பு இருந்தது அவள் அலமாரியில், சாவி இருந்தது அவள் கையில்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். அவள் ஏன் அப்படிச் செய்திருப்பாள் என்பதற்கு அவர்களே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அண்ணன் மேல் பாசம். அண்ணன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று தங்கை செய்த காரியம். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். அந்தத் துண்டை நான் எப்போதாவது எடுத்தேனா என்று. இல்லை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். குழுத் தலைவர் என் தோளைத் தட்டி, "உங்களுக்கு இப்படி ஒரு நிலைமை வந்திருக்க வேண்டாம்" என்றார். எனக்குக் கண்ணீர்கூட வந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை.

சிட்டுவை வேலையிலிருந்து நீக்கினார்கள், கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அசல் நடுத்துண்டு காணவில்லை, மீதமிருந்த எலும்புகளில் வளையம் அவ்வளவு தெளிவாகப் படியவில்லை என்பதால் விலங்கு பெரியதா பிள்ளையா என்பதை யாரும் முடிவு கட்ட முடியவில்லை. ஆகவே என் இனம் நிலைத்தது. அந்தக் கூடத்தில் இன்றைக்கும் அது தனிப் பெயரோடு நிற்கிறது. அம்மா சாகும்போது சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக இல்லேன்னாலும் அண்ணனுக்காகவாவது உண்மையை ஒத்துக்கடி" என்றாள். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

இதுவரைக்கும் சொன்னதை யார் கேட்டாலும் திருட்டு, பொய் என்று சொல்லிவிடலாம். இனிமேல் சொல்லப்போவதற்கு எனக்குச் சொல் தெரியவில்லை.

விசாரணை நடந்த நாட்களில் ஒரு மாலை அவள் என்னைத் தனியாகக் கேட்டாள். "அண்ணா, அறுக்கறதுக்கு முன்னால அந்தத் துண்டை நீ ஒரு தடவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேல்ல?" குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. வழி தவறியவள் அடையாளம் கேட்கிற குரல்.

"நானா? இல்லையேம்மா" என்றேன்.

"முனையைச் சுத்தம் பண்ணிட்டேன்னு சொன்னியே."

"அது வேற எலும்புக்குச் சொன்னது. நீ சரியாத் தூங்கறதே இல்ல சிட்டு. எதையோ எதோடயோ சேர்த்துக் குழப்பிக்கிறே."

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். பிறகு, "அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

அவள் என்னை நம்புவதா, தன் ஞாபகத்தை நம்புவதா என்ற இடத்துக்கு வந்திருந்தாள். என்னைத் தேர்ந்தெடுத்தாள். அந்த ஒரு நாளோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஞாபகம் திரும்பித் திரும்பி வருமே. எனக்குப் பயமாக இருந்தது. வேலை போனதும் எங்களோடு வந்து தங்கினாள். அப்போது ஒன்றிரண்டு தடவை அவளிடம் இருந்த வீட்டுச் சாவியை இடம் மாற்றி வைத்தேன். ஒருநாள் அவள் அணைத்துவிட்டு வந்த அடுப்பைப் போய்ப் பற்றவைத்துவிட்டு, "எரியுது பாரு" என்றேன். டாக்டர் சந்திப்புக்கு அவள் எழுதி வைத்த தேதியைப் பற்றி, நான் வேறு தேதி சொன்னதாக அடித்துப் பேசினேன். நிறையச் செய்யவில்லை, மேடம். நிறையச் செய்ய வேண்டியிருக்கவில்லை. அதன்பிறகு அவளே பார்த்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து அதை விட்டாள். தனியாக பஸ் ஏறுவதை விட்டாள். மருத்துவர் சோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். அவரிடமே அவள், "உங்களுக்குத் தெரியாது டாக்டர், நான் ரொம்பப் பெரிய விஷயத்தையே மறந்தவ" என்றாளாம். அவள் இடது கையின் பின்புறத்தைப் பாருங்கள், பேனாவில் எழுதியிருக்கும். அடுப்பு, சாவி, குழாய். குளித்தால் அழியும், மறுபடி எழுதிக்கொள்வாள். எந்த ஊரில் எந்த மண்ணில் எந்தக் காலத்தில் எந்த விலங்கு நடந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவள்.

வீட்டில் அவளை நான் நன்றாகத்தான் வைத்திருந்தேன். மருந்து மாத்திரை எல்லாம் வேளை தவறாமல் நானே எடுத்துக் கொடுப்பேன். வருகிறவர்கள், "இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்" என்பார்கள். அவளும் ஆமாம் என்று தலையாட்டுவாள். அந்த நேரங்களில் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

அந்த அசல் துண்டை நான் தூக்கிப் போட்டிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். போட முடியவில்லை. ஆறரைக் கோடி ஆண்டுக்கு மேல் மண்ணில் தாங்கி வந்த ஒன்றைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. தங்கை விஷயத்தில் வராத கூச்சம் எலும்பு விஷயத்தில் வந்தது. பழைய துணியில் சுற்றி, நாங்கள் இரண்டு பேரும் தோண்டப் போகும்போது கொண்டுபோகும் பயணப்பையின் அடியில் வைத்து, பீரோவின் மேல் ஏற்றிவிட்டேன்.

நீங்கள் கூப்பிட்டனுப்பிய செய்தி கேட்டதும் நேற்று மத்தியானம் சிட்டு அந்தப் பையை இறக்கியிருக்கிறாள். மறுபடி வேலைக்குப் போகப் போகிறோம் என்று ஒரு ஆசை. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். பார்த்தவுடனேயே அவளுக்கு அது எதுவென்று தெரிந்துவிட்டது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவள் ஞாபகத்தில் அப்படி ஒரு குறையும் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"கிடைச்சிடுச்சு அண்ணா" என்றாள். அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்து வந்தது. "நான்தான் கொண்டாந்து இதுல வெச்சு மறந்திருக்கேன் பாரேன். முனையைக்கூட நானே தேச்சு மெருகேத்தியிருக்கேன். சுத்தமா ஞாபகமில்ல."

பிறகு ஜன்னலோரம் போய் என் மேசை லென்ஸை எடுத்து அந்த முனையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பழைய சிட்டு அது. திரும்பி வந்து என் காலடியில் உட்கார்ந்தாள்.

"குட்டிதான் அண்ணா. உன் பேரைக் காப்பாத்தணும்னுதான் ஒளிச்சிருக்கேன் போல. ஆனா அது தப்பு. நாளைக்கே மேடத்துகிட்டக் குடுத்துடறேன். என்னை மன்னிச்சுக்கோ."

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். "பரவாயில்ல விடும்மா" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. ஆறு வருடப் பழக்கம்.

என் மனைவி சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றிருந்தாள். அவள் பார்த்தது எலும்பை இல்லை, என் முகத்தை. சிட்டு முகம் கழுவப் போனதும் கிட்டே வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தத் தொட்டியடியில நீங்க உக்காந்து எதையோ தேச்சுட்டு இருந்தது எனக்கு ஞாபகமிருக்கு" என்றாள். "நாளைக்கு நீங்க போய்ச் சொல்றீங்க. இல்லேன்னா நான் போய்ச் சொல்லுவேன்."

ஆகவே நானாக மனம் திருந்தி வந்தேன் என்று தயவுசெய்து எங்கேயும் எழுதிவிடாதீர்கள். அந்த மரியாதைக்கு நான் லாயக்கில்லை. எலும்பை மாற்றியவன் நான். விசாரணையில் பொய் சொன்னவன் நான். அவள் புத்தியில் கை வைத்தவனும் நான்தான். இதை எந்தத் தாளில் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். கூடத்தில் இருக்கும் அந்தப் பெயர்ப்பலகையை இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டாள், தனக்காக அண்ணன் பழியை ஏற்றுக்கொள்கிறான் என்று உங்களோடு சண்டைக்கு வருவாள். அந்த வார்ப்பையும் கூட வைத்துக் காட்டிச் சொல்லுங்கள். எலும்பு சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள்.

உங்கள் அறைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதவு இருக்கிறதல்லவா? நான் அப்படியே போய்விடுகிறேன். கொஞ்சம் பார்த்து, மெதுவாகச் சொல்லுங்கள், மேடம். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். அவள் சின்னப் பிள்ளை, தாங்கமாட்டாள்.